காரையில் கிடைத்த சீப்புத் துண்டு



மழை விட்ட ஒரு காலையில் பாடாலூரிலிருந்து கிழக்கே திரும்பி காரைப் பக்கம் போய்வந்து, நாலு படம் போட்டிருந்தேன். "சார், வெறும் மண்ணு மேட்டைப் போய் ஏன் படம் பிடிச்சிருக்கீங்க?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இது ஒரு மீனைப் பற்றிய பதிவு. கூடவே நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் மட்டும் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988 அல்லது 89. நம் பகுதி அப்போது திருச்சி மாவட்டம். நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறுகளில் ஆடு மேய்க்கும் ஒரு பையன், திங்கட்கிழமை காலையில் நோட்டுத்தாளில் மடித்து எதையோ கொண்டுவந்தான். "சார், காரை ஓடையில கெடந்துச்சு." கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். கரும்பழுப்பு நிறம், பளபளப்பு. ஒரு பக்கம் ரம்பம்போல ஐந்தாறு கூர்முனைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மறுபக்கம் தட்டையாக, சொரசொரப்பாக. நான் அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "உடைஞ்ச சீப்புடா" என்று சொல்லி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் எதையும் கொண்டுவரவில்லை.

அது சீப்பு இல்லை என்பது பணி ஓய்வுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மகள் தன் கணினியில் ஒரு ஆய்வுக் கட்டுரையின் படத்தைக் காட்டினாள். "அப்பா, இது நம்ம காரையில கிடைச்சதாம்." அதே சாய்ந்த முனைகள், அதே தட்டையான அடி. அது ஒரு சுறாவின் கீழ்த்தாடைப் பல். சாதாரணச் சுறா இல்லை. அதன் உறவுக்காரர்கள் இன்றைக்கும் கடலில், சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழ்கிறார்கள். அந்தக் கட்டுரை 2011-ல் முதுகெலும்பி தொல்லுயிரியலுக்கான அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வந்தது. எழுதியவர்கள் அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஃபிளின் ஆகிய ஐவர். காரை மண்ணடுக்கில் கிடைத்த பற்களை வைத்து அந்தச் சுறாவுக்கு அவர்கள் வைத்த பெயர் கிளாடியோசெரேட்டஸ் மாக்னஸ். மாக்னஸ் என்றால் இலத்தீனில் பெரியது. அதே கட்டுரையில் இன்னொரு சுறாவுக்கு டுவார்டியஸ் சுதிண்டிகஸ் என்று பெயர். 'சுதிண்டிகஸ்' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் படியுங்கள்: 'சவுத் இந்தியா'. நம் ஊர் மண்ணில் கிடைத்த மீனுக்கு நம் திசையின் பெயர்!

நமக்குக் கடல் எங்கே இருக்கிறது? பெரம்பலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ போக வேண்டும். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வானம் பார்த்த பூமி. இங்கே சுறா எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களின் கதை 180 வருடத்துக்கும் மேல் பழையது.

1840-களில் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் கல்லாகிப்போன சிப்பிகளையும் பற்களையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் எழுதினார். புதுச்சேரிப் பக்கத்து மீன் எச்சங்களை சர் ஃபிலிப் எகர்ட்டன் 1845-லேயே எழுதிவிட்டார். ஆக, தென்னிந்தியக் கல்மீன்களைப் பற்றிய எழுத்து, தமிழ்நாட்டில் பயணிகள் ரயில் ஓடுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பிறகு வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்தவர். தென்னாற்காடு, திருச்சி மாவட்டங்களில் சுற்றி, 1862-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். நம் பகுதிப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஊர்ப் பெயர்களையே வைத்தார்: ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர். பின்னால் நின்னியூர் என்ற பெயரும் சேர்ந்தது. ஊட்டத்தூர் என்றால் நமக்கு சுத்தரத்தினேசுவரர் கோயில் ஞாபகம் வரும். உலகத்துப் புவியியல்காரர்களுக்கு 10 கோடி வருடத்துப் பழைய கடல் ஞாபகம் வரும். இதே பிளான்ஃபோர்ட்தான் 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஆனார். நம் மேட்டுக்காட்டில் அலைந்தவருக்கு மழை எப்போது வரும் என்ற கவலை ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அவருக்குப் பிறகு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியா நாட்டுக்காரர். இந்தப் படிவங்களை ஒவ்வொன்றாக வரைந்து, பெயரிட்டு, ஏறத்தாழப் பத்து வருடம் உழைத்துப் பல தொகுதிகள் எழுதினார். 1873-ல் வந்த தொகுதியில் மீன்களும் உண்டு. மறு வருடமே, யார்க்கண்ட் போய்த் திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்துபோனார். வயது 36. கல்லறை லே நகரில் இருக்கிறது. நம் ஊர் நத்தைக் கல்லுக்கெல்லாம் பெயர் வைத்த மனிதர் பனிமலையில் படுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு ஏதோபோல் இருக்கும். 1879-ல் லைடெக்கர் என்பவர் திருச்சி மாவட்டத்தில் கிடைத்த முதுகெலும்பு வட்டுகளை வைத்து ஒரு இக்தியோசரை, அதாவது மீன் உருவம் கொண்ட கடல் ஊர்வனவற்றில் ஒன்றை, விவரித்தார். அதற்கு இண்டிகஸ் என்ற பெயர்.

இவ்வளவு பேர் நடந்த மண்ணில்தான் நான் ஒரு பல்லை ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறேன்!

இப்போது மண்ணுக்கு வருவோம். கூட்டமாகப் போய் சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். 18 மீட்டர் நீளம். அதை 1940-ல் கண்டறிந்து சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சாவூர்க்காரர், பின்னாளில் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவர். அந்த மரம் கரையில் வளர்ந்து, ஆற்றில் அடித்துவரப்பட்டு, கடலில் மூழ்கிக் கல்லானது. காரை அப்படி இல்லை. அங்கே மரம் கிடையாது, பார்க்க அழகாக ஒன்றும் கிடையாது. காவியும் சாம்பலும் மஞ்சளுமாகக் களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகள், வெயிலில் மின்னும் ஜிப்சம் தகடுகள். அந்தக் களிமண்தான் முக்கியம். ஆறு கடலில் சேரும் இடத்தில் முதலில் கனமான மணலும் கூழாங்கல்லும் படியும். பொடியான களிமண் மட்டும்தான் கரையை விட்டு வெகுதூரம் மிதந்து போய், அலை கலக்காத அமைதியான அடித்தளத்தில் மெல்ல இறங்கும். ஆகவே காரை என்பது கடற்கரை இல்லை, நடுக்கடலின் தரை. நாம் நடக்கும்போது காலில் இடறும் நீண்ட தோட்டா மாதிரியான கற்கள் பெலம்நைட்டுகள். கணவாயின் உறவினம் ஒன்றின் உள் ஓடு. பிள்ளைகள் அதைத் துப்பாக்கித் தோட்டா என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதையாவது நான் எறியவில்லை.

காரையிலிருந்து கிழக்கே அரியலூருக்குப் பேருந்தில் போனால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பூமி 3 கோடி வருடத்துக்கு மேல் கடந்துவிடுகிறது. மேற்கே பழைய அடுக்கு, கிழக்கே போகப் போகப் புதியது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிளிஞ்சல்கள் அப்பளம் அடுக்கிய மாதிரி கிடக்கும். அந்தக் கிளிஞ்சல்தான் சிமெண்டாகி உங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. நின்னியூர் அடுக்குக்கு வரும்போது டைனோசர் காலமே முடிந்துவிட்டது.

இனி அந்தச் சுறா. சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான், செத்தால் கரைந்துவிடும். பல் மட்டும் கரையாது. வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருப்பதால் ஒரே சுறா ஆயிரக்கணக்கில் பற்களை உதிர்க்கும். சிறிய பற்கள் கண்ணுக்குத் தெரியாது. களிமண்ணைக் காயவைத்து, தண்ணீரில் கரைத்து, சல்லடையில் சலித்து, மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்க வேண்டும். நம் அம்மாமார் அரிசியில் கல் பொறுக்குவதுபோலத்தான், ஆனால் கல்லை வைத்துக்கொண்டு அரிசியைக் கொட்டிவிட வேண்டும்.

கிளாடியோசெரேட்டஸின் இன்றைய உறவுகளில் பெரியது ஆறு செவுள் சுறா. அறிவியல் பெயர் ஹெக்சாங்கஸ் கிரிசியஸ். மார்க்கெட்டில் சுறா பார்த்திருப்பீர்கள். தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஐந்து செவுள் பிளவு இருக்கும். இதற்கு ஆறு. முதுகில் மற்றச் சுறாக்களுக்கு இரண்டு துடுப்பு. இதற்கு ஒன்றுதான், அதுவும் வாலை ஒட்டி. இந்த அமைப்புகளைப் பழைய சுறா வம்சத்தின் அடையாளமாகச் சொல்வார்கள். கண் பச்சை நிறத்தில் பளபளக்கும். வளர்ந்தது 4 மீட்டரைத் தாண்டும், பெண்தான் ஆணைவிடப் பெரியது. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஆறு பெரிய பற்கள், ஒவ்வொன்றும் நான் எறிந்ததைப் போன்ற ரம்பம். மேல்தாடைப் பற்கள் கூர்மையான ஊசிகள். மேலே உள்ளது குத்திப் பிடிக்க, கீழே உள்ளது அறுக்க. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் இரையிலிருந்து ஒரு துண்டு ரம்பம் போட்டதுபோல வந்துவிடும். மீன், திருக்கை, கணவாய், பிற சுறா, செத்து விழுந்த திமிங்கலம், எதுவானாலும் சரி. முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டியாக ஈனும். ஒரு ஈற்றில் 22 முதல் 108 குட்டிகள் வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. பகலில் ஆழத்தில் கிடந்து இரவில் மேலே வந்து மேயும் பழக்கம் உண்டு.

இந்த மீன் கிட்டத்தட்ட உலகத்துக் கடல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 2,500 மீட்டர் ஆழம் வரை பதிவாகியிருக்கிறது. ஆனால் கனடாவின் மேற்குக் கரை போன்ற குளிர்ந்த கடல்களில் முக்குளிப்பவர்கள் சாதாரணமாகப் பார்க்கும் அளவுக்கு மேலே வருகிறது. நம்மைப் போன்ற வெப்பக் கடல்களில் ஆழத்தை விட்டு ஏறுவது அரிது. வங்கக் கடலின் மேற்பரப்பு 28, 29 டிகிரி. ஆயிரம் மீட்டர் கீழே போனால் 7 டிகிரிக்கு அருகில். அங்கே அழுத்தம் மேலே உள்ளதைப்போல நூறு மடங்கு. நாம் ஆழ்கடல் மீன் என்று சொல்கிறோம்; அது தேடிப் போவதில் பெரும்பங்கு குளிர்ச்சிதான் என்று எனக்குப் படுகிறது. கோடை வந்தால் நம் வீட்டு நாய் தொட்டியடிக்குப் போய்ப் படுக்கிறதே, அப்படி.

இதை வைத்துக் காரையைப் பாருங்கள். 10 கோடி வருடத்துக்கு முன்னால் இந்தியா இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து, மடகாஸ்கர் இன்னும் இடுப்பில் ஒட்டியிருக்க, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே மிதந்துகொண்டிருந்தது. பெலம்நைட் ஓடுகளில் உறைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து பார்த்தவர்கள், அந்தக் கடல்நீர் இன்றைய வங்கக் கடலின் மேற்பரப்பைவிடக் குளிர்ந்தது என்கிறார்கள். இந்த வம்சத்துச் சுறாக்களின் பற்கள் அந்தக் காலத்தில் ஆழம் குறைந்த திட்டுக் கடல் படிவுகளிலும் உலகம் முழுக்கக் கிடைக்கின்றன. காரையின் தரையும் இன்றைய ஆறு செவுள் சுறா பகலில் கிடக்கும் பாதாளம் அல்ல, கண்டத்தின் ஓரத்துத் திட்டு. ஆழம் என்பது இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் இல்லை, இப்போதைய முகவரி. பூர்வீக வீடுகளில் ஒன்று நம் பெரம்பலூரில் இருக்கிறது.

அதன் இப்போதைய முகவரியை நம் நாட்டில் தொடக்கத்தில் துழாவியவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரெட் அல்காக் என்ற மருத்துவர். 1888 முதல் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பலில் வைத்தியராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தார். வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் அரபிக் கடலிலும் ஆயிரம் மீட்டருக்குக் கீழேயும் வலை இறக்கி இழுத்தார்கள். பார்வையில்லாத திருக்கை, உடம்பெல்லாம் சொரசொரத்த சிறு பூனைச்சுறா என்று வந்ததையெல்லாம் சாராயத்தில் போட்டுக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1899-ல் இந்திய ஆழ்கடல் மீன்களுக்கு ஒரு பட்டியல் நூலே வெளியிட்டார். நோயாளியைப் பார்த்த நேரம் போக மீனைப் பார்த்தாரா, மீனைப் பார்த்த நேரம் போக நோயாளியைப் பார்த்தாரா தெரியவில்லை.

இப்போது அந்த ஆழத்துக்குப் போகிறவர்கள் நம் ஆட்கள். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். வாரக் கணக்கில் கடலில் கிடந்து, ஆயிரம் தூண்டில் கோத்த நெடுங்கயிறு இறக்கி, பெரும்பாலும் கொச்சியில் கரை சேர்ப்பார்கள். ஆழத்துச் சுறாவின் ஈரல் எண்ணெய்க்கு விலை உண்டு. சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை. மூழ்காமல் இருக்க ஈரலில் எண்ணெய் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சில இனங்களில் உடல் எடையில் கால்வாசி ஈரல்தான். அந்த எண்ணெய்தான் அதற்கு மிதவை, நமக்கு மாத்திரையும் முகப்பூச்சும். ஆழத்தில் எல்லாமே மெதுவாக வளரும். ஈரலுக்காகப் பிடிக்கப்படும் சில இனங்கள் ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிதான் போடும். உயிரைப் பணயம் வைத்துப் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆடு மேய்ப்பவனுக்குத் தெரியும், வருடம் ஒரு குட்டி போடும் மந்தையில் வாரம் ஒன்றை விற்றால் என்ன ஆகும் என்று.

காரைக்குத் திரும்புகிறேன். ஒவ்வொரு மழையும் களிமண்ணை அறுத்துப் புதிய பற்களை மேலே கொண்டுவருகிறது. அதே மழை அவற்றை ஓடையில் அடித்துக்கொண்டும் போகிறது. கண்டெடுக்க ஆள் இல்லையென்றால் நஷ்டம். கண்ட ஆளெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு போனாலும் நஷ்டம். எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத கல் வெறும் கல்தான். 2020-ல் குன்னத்தில் ஏரி ஆழப்படுத்தியபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் எனக்கே பதினைந்து பேர் அனுப்பினீர்கள். நத்தைக் கல்லான அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருவான உருண்டைகள் அவை என்று வல்லுநர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது. முட்டை இல்லை என்றதும் ஏன் கலைய வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கடலே வந்து நிற்கிறது வாசலில்!

உங்களில் பல பேர் இப்போது ஆசிரியர்கள். பிள்ளைகளைக் காரைக்கு அழைத்துப் போனால் பகல் பன்னிரண்டுக்குள் திரும்பிவிடுங்கள், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தோண்ட விடாதீர்கள். ஏதாவது கிடைத்தால் அங்கேயே வைத்துப் பக்கத்தில் பேனாவைப் போட்டுப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரியலூர் பக்கம் வாரணவாசியில் இதற்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே காட்டலாம்.

கடைசியாக, அந்தப் பையனுக்கு. உனக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இங்கே போடவில்லை. இதை நீ படித்தாலோ, படிக்கிற யாராவது உனக்குச் சொன்னாலோ, ஒரு போன் போடு. அன்றைக்கு நீ கொண்டுவந்தது சீப்பு இல்லை தம்பி. எந்த ஓடை, எந்த வளைவு என்று உனக்கு ஞாபகம் இருந்தால், இன்னொரு முறை மழை விட்டதும் இரண்டு பேரும் போய்ப் பார்ப்போம். வண்டி நான் கொண்டுவருகிறேன்.